மிதித்தாலும் இழுக்காத கார்

என் கணவருக்கு எதையும் மூடி வைத்தால்தான் மனம் ஆறும். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ரிமோட்டுக்குப் பொலித்தீன் உறை, சோபாவுக்கு ஒரு துணி, அந்தத் துணி அழுக்காகாமல் இருக்க மேலே இன்னொரு துணி. அப்படிப்பட்ட மனிதர், "என்ர காரைக் குடுக்கப் போறன்" என்றதும் நான் கார்ச் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். 'என்ர கார்' என்றுதான் எப்போதும் சொல்வார். ஓட்டுவது மட்டும் நான். கொழும்பின் நெரிசலான காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே கியர் மாற்றும் பொறுமை அவருக்கு இல்லை.

காரும் கொஞ்ச நாளாக மானத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்கு ஏறும் மேட்டில் அது முக்கி முனக, ஆட்கள் நிரம்பிய த்ரீவீலர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

"கிளச் பழுதாப் போட்டுது. வத்தளை மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கிறானாம். இதை அவனுக்கு வித்திட்டு கியர் இல்லாத ஒண்டு எடுப்பம். உமக்கும் சுகம்" என்றார்.

யார் கேட்டார்கள் அந்தச் சுகத்தை? பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஓட்டப் பழகியவள் நான். இந்தக் காரில்தான் பழகினேன். கையும் காலும் சேர்ந்து கியர் மாற்றும் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். விட்டுக்கொடுக்க மனமே வரவில்லை.

கிளச் போனால் இஞ்சின் கத்தும், கார் நகராது. எங்கள் காரில் இஞ்சினே கத்தவில்லை. பிறகு கிளச்சின் மேல் பழி போட்டால் எப்படி? சனிக்கிழமை காலை கீழே போய்ப் பொனட்டைத் திறந்தேன். எயார் பில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. அவரை உள்ளே இருத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, அக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னேன். மிதியிலிருந்து வரும் கேபிள், இஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னப் பிடியை இழுக்கும். அது பாதிதான் திரும்பியது.

"இன்னும் மிதியுங்கோ!"

"அடிமட்டும் மிதிச்சிட்டன், இனி ரோட்டைத்தான் மிதிக்க வேணும்!"

காலை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பிடியை ஒரு கணம் நானே கையால் திருப்பினேன். இஞ்சின் போட்ட சத்தத்தில் அவர் காரை விட்டே வெளியே பாய்ந்தார். எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் மிதிப்பதுதான் அதற்குப் போய்ச் சேரவில்லை.

ஓடிப்போய் மிதியின் கீழே குனிந்து பார்த்தேன். மழைக்கென்று அவர் புறக்கோட்டையில் வாங்கி, கால் வைக்கும் இடத்தில் விரித்த தடித்த ரப்பர் காப்பெட். அதற்குக் கீழே, அழுக்காகக்கூடாத பழைய காப்பெட். அதற்கும் கீழே மடித்த பத்திரிகைகள். மிதி பாதி வழியிலேயே ரப்பரில் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னப்பா, காருக்கும் சோபா உறையோ?"

முதலில் முறைத்தார். பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு, பழைய காப்பெட்டை மட்டும் போட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மேட்டில் மூன்றாம் கியரிலேயே பறந்தது. ஆனால் திரும்பி வரும்போது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படி ஓடும் காரை மச்சான் விடுவாரா? இவரோ விற்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். எறிய மனமில்லாமல் எங்கள் வீட்டு வாசலில் விரித்திருந்த ரப்பர் காப்பெட்டில் காலைத் துடைத்தவர், குனிந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல காப்பெட்டை ஏன் வாசலில போட்டிருக்கிறியள்? காருக்குள்ள போட்டால் எவ்வளவு வடிவா இருக்கும்!"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடக்க முடியவில்லை. மச்சான் திருதிருவென்று முழிக்க, என் கணவர் சிரிப்புக்கு நடுவே அவர் தோளில் கை போட்டார்.

"இரு மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. காரைப் பற்றி என்னட்டைக் கேட்டுப் பிரியோசனம் இல்லை. அது அவவின்ர கார்."