பாயியின் கொண்டை ஊசி

என் தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கு அடியில், வளைந்துபோன கொண்டை ஊசி ஒன்று கிடக்கிறது. அது என்னுடையது அல்ல. அறுபதுகளில் மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த பாயியுடையது. வேலைக்காரியை பம்பாயில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் கல்யாணமாகி வந்த புதிது. கட்டடத்தைச் சுற்றி எங்கும் சிமெண்ட். பின்பக்கம் மட்டும் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. அதையும் கீழ்வீட்டு டீச்சர் செங்கல் வைத்துக் கயிறு கட்டி வளைத்திருந்தார். சயன்ஸ் டீச்சர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனியாக இருந்தார். அந்த மண்ணில் பென்சில் நுழைகிற அளவில் முப்பது நாற்பது துளைகள். உடம்பில் நீலப் பட்டை போட்ட தேனீக்கள் அவற்றில் போய் வந்தன. அதுகளுக்கு ராணி கிடையாதாம், தேனடை கிடையாதாம். ஒவ்வொருத்தியும் தனக்கென்று குழி தோண்டி, பூந்தூளைச் சேர்த்து வைத்து, முட்டையிட்டு மூடிவிடுவாளாம். "யாரையும் தேடி வந்து கொட்டாது. மிதிக்காம விட்டாப் போறும். இந்த வட்டாரத்துல அதுகளுக்கு வேற மண் கிடையாது" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பூச்சிக்கு மண்ணு, மனுஷிக்கு சிமெண்டா? ஊரில் என் கோலத்தைப் பார்க்கத் தெருவே நிற்கும் என்ற கர்வம் வேறு. பொங்கலன்று விடிகிற வேளையில் கயிற்றை அவிழ்த்தேன். தபேலா என்கிற எருமைக் கொட்டிலிலிருந்து சாணி முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். கெட்டியாகக் கரைத்து, இரண்டு தரம் மெழுகினேன். துளைகள் அடைபடுவது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் விரலால் அழுத்தி அழுத்தி மெழுகினேன். மேலே பெரிய கோலம், செம்மண் கரையோடு.

வெயில் அங்கே வந்தபிறகும் ஒரு தேனீ பறக்கவில்லை. டீச்சர் வந்து பார்த்தார். கோலத்தின் மேலேயே மண்டியிட்டு, தரையில் காதை வைத்தார். "உள்ள சத்தம் கேக்கறது" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "யார் மெழுகினா?" என்று கேட்டார்.

பாயி அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். நான் அவளைக் கை காட்டினேன். "பாயி மெழுகிட்டா. நான் கோலம்தான் போட்டேன்."

அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் எனக்கு. வருஷக்கணக்கில் தமிழ் வீடுகளில் வேலை செய்கிறவளுக்கு இதுகூடவா புரியாது? என்னை ஒரு தடவை பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துளையாகக் கிளறினாள். "ஹளூ, டீச்சர், ஹளூ" என்று மராத்தியில், மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே. வெளியே வந்த தேனீக்களில் பாதி பறந்தன. மற்றவை இறக்கையில் சாணி ஒட்டி, என் கோலத்தின் மேல் ஊர்ந்தன. என் நகத்திலும் சாணி இருந்தது. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போன பிறகு, கீழே கிடந்த ஊசியைப் பொறுக்கினேன்.

மறுவருஷம் ஐந்து துளைகள்தான். அப்புறம் அந்தக் கயிற்றுக்கு நானே காவல். பந்து விளையாடும் பிள்ளைகளை விரட்டுவேன். கோலத்தை வாசற்படியோடு நிறுத்திக்கொண்டேன். எவ்வளவு இளகின மனசு என்று கட்டடமே என்னை மெச்சியது. பாயியின் காதிலும் விழுந்திருக்கும். அவள் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மாற்றலாகிப் போகிற அன்று, மண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "அன்னிக்குப் பாயி அப்பத்தானே உள்ள வந்தா. எனக்குத் தெரியாதா? நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"மன்னிச்சுக்கோங்கோ, டீச்சர்."

"என்கிட்ட இல்ல. அவகிட்ட."

அன்று சாயங்காலம் பாயி வந்ததும் ஊசியை எடுத்துக் கைக்குள் மடக்கிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். திரும்பிப் பார்த்து, "காய் ஜாலா?" என்றாள். என்ன ஆச்சு என்றுதான் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அதுவும் அவளுக்குப் புரிந்தது. குழாயடிக்குத் திரும்பிக்கொண்டாள்.

இப்போது செம்பூரில் இருக்கிறேன். வாசலில் ஸ்டிக்கர் கோலம். கீழே மண் என்று ஒரு பிடி கிடையாது. ஊசியின் வளைவில் அந்த மண் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நான் அதைக் கழுவவில்லை.