நான் எழுதிய மூன்று வரி

அந்த வீடியோ எனக்கு வந்தது ஒரு ஐப்பசி மாதத்துக் காலையில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில். ஒரு ஆள் சாக்கடைத் தண்ணீர் போலக் கறுத்த நீரில் மீனை அலசி, அப்படியே தரையில் காயப் போடுகிறான். பின்னால் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். "கருவாடு வாங்குகிறவர்கள் பார்க்கவும்" என்று மட்டும் கீழே இருந்தது. எந்த ஊர் என்று எழுதவில்லை.

ஊரை எழுதியவள் நான்தான்.

குவியல்களைப் பார்த்ததும் உப்பு என்று நினைத்துவிட்டேன். மரக்காணத்தில் குடியிருப்பவளுக்கு வெள்ளைக் குவியல் என்றால் வேறென்ன தோன்றும்? "இது மரக்காணம் பக்கம்தான். பின்னால் உப்பளம் தெரிகிறது பாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்." மூன்று வரி. அதைச் சேர்த்து, என் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மத்தியானத்துக்குள் நிறையப் பேர் கும்பிடும் கையை அனுப்பியிருந்தார்கள். நல்ல காரியம் செய்த திருப்தியில் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருநாள் கருவாடு கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் கூலி வேலை. மழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் வெள்ளம் நின்றுவிடும், அவருக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் அக்காவின் கூடைதான் குடும்பத்தை ஓட்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வீடியோவை அனுப்பும்போது அவர் முகம் நினைவுக்கே வரவில்லை என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் வந்தார். கூடையை இறக்கி வைத்தார். நெத்திலி, வாளை, காரப்பொடிக் கருவாடு எல்லாம் கட்டிய பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"இன்னா டீச்சர், ஒரு வூட்லயும் வாங்க மாட்றாங்க. கதவைக்கூட தொறக்கல. போன்ல ஏதோ வந்துச்சாம். எம்பொண்ணு இதுல ஏத்திக் குடுத்தா. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

போனை நீட்டினார். அதே வீடியோ பல கை மாறி வந்திருந்தது. அடியில் என் மூன்று வரி, ஒரு எழுத்து மாறாமல்.

படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"யாரு டீச்சர் இப்பிடி எழுதுனது?"

"யாரோ எழுதியிருக்காங்க அக்கா" என்றேன்.

அவர் போனை வாங்கி மறுபடி வீடியோவை ஓடவிட்டார். நான் ஒரே ஒரு முறை, அதுவும் பாதி பார்த்ததை, அவர் மூன்று முறை பார்த்தார்.

"இது உப்பா? மழைக்காலத்துல எவனாவது உப்பைத் தொறந்து போட்டு வெப்பானா? கீத்து போட்டு மூடியிருக்க வேணாம்? சுண்ணாம்பு மாதிரி இருக்குது. அந்த லாரியப் பாருங்க, அதுல எழுதியிருக்கறது தமிழா?"

தமிழ் இல்லை. அது எந்த மொழி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. படிக்கத் தெரியாத ஒரு பெண் பார்த்ததை, பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற நான் பார்க்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாங்கினேன். "உங்களுக்காவது மனசு இருக்குதே" என்று அவர் சொன்னபோது, உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே குரூப்பில் எழுதினேன்: அந்த வீடியோ நம் ஊர் இல்லை, விசாரிக்காமல் ஊர்ப் பெயரைச் சேர்த்தது நான், மன்னிக்கவும். நான்கு பேர் மட்டும் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், "பரவால்ல டீச்சர், எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானே" என்றார். பொய்யை அத்தனை பேருக்கு அனுப்பியவர்கள், திருத்தத்தை ஒருவருக்கும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

"நான் வர்றேன் அக்கா."

அன்றே கூடையோடு அவர் முன்னால் போக, நான் வீடு வீடாகப் பின்னால் போனேன். ஒவ்வொரு கதவிலும் "அதை எழுதினது நான்தாங்க, தப்பா எழுதிட்டேன்" என்றேன். சிலர் வாங்கினார்கள். சிலர் என்னைப் பார்த்த சங்கடத்தில் வாங்கினார்கள். ஒரு வீட்டில், என் பழைய மாணவியின் அம்மா, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுதான டீச்சர் நானும் எங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புனேன்" என்றார். குற்றம் சொல்லும் தொனியே அதில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான்கு சனிக்கிழமைகள் போனோம். பாதித் தெரு திரும்பியது. மற்ற பாதி திரும்பவே இல்லை. தை பிறந்ததும் அக்கா எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டு, வானூர்ச் சந்தைக்குப் போகத் தொடங்கினார். "அங்க யாருக்கும் என்னைத் தெரியாது டீச்சர், அதுவே நிம்மதியா இருக்குது" என்றார். கூடையோடு இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் முழங்கால் வலிக்காரர்.

இப்போது எது வந்தாலும் இது எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்காமல் விரலை நகர்த்துவதில்லை. வகுப்பிலும் அதைச் சொல்கிறேன். பிள்ளைகள், "உங்களுக்கு எப்பிடி டீச்சர் இதெல்லாம் தெரியும்?" என்கிறார்கள். இன்னும் அவர்களிடம் முழுதாகச் சொல்லவில்லை.