மருந்தைத் தின்னுருச்சு

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் நான் கறி மீனை விட்டேன், காபியை விட்டேன், அந்த வருஷம் டிவி சீரியலையும் விட்டேன். சீரியலை விட்டதுதான் பெரிய தியாகம். கேட்டவர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, எங்கள் சபையின் பெண்கள் கூடுகையில் வெள்ளிக்கிழமை பேச என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு, இச்சையடக்கம். நாலு பக்கம் எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருந்தேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நர்ஸாக இருந்தேன். வேலையில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாய்தான் மோசம். காலையில் காபி இல்லாமல் வந்து நின்றால் இன்னும் மோசம். ஊசி வலிக்காது, நர்சம்மா வாய்தான் வலிக்கும் என்று பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சொல்லிச் சிரிப்பது என் காதில் விழுந்திருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை கூட்டம் வாசல்வரை நின்றது. ஒரு பெண் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையை மீறி நேராக என் மேஜைக்கு வந்தாள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் சிரப் கொடுத்து அனுப்பியிருந்தேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, முணுமுணுவென்று சொன்னாள்.

“நர்சம்மா, புள்ள மருந்தைத் தின்னுருச்சும்மா.”

“ஒரு பாட்டிலை ஒளிச்சு வைக்கத் துப்பில்ல, ஒனக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை? போ, போயி வரிசையில உக்காரு.”

“இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். போன்னா போ.”

போனாள். வரிசையின் கடைசியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. நாங்கள் கொடுப்பது ஒன்று, பட்டாசுக்குள் போகிற வெடிமருந்து இன்னொன்று. அதையும் வெறுமனே மருந்து என்றுதான் சொல்வார்கள். பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசு சுற்றினால் போலீஸ் வரும், அதனால்தான் அவள் குரலைத் தாழ்த்தினாள் என்பதும் தெரியாதா? சிரப் என்றால் குடித்துவிட்டது என்பார்கள். அவள் தின்றுவிட்டது என்றாள். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்க எனக்குப் பொறுமை இல்லை.

அரைமணி நேரம் கழித்துப் பிள்ளை வாந்தி எடுத்தது. தரையில் அது சாம்பல் நிறமாக மினுமினுத்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினோம். பிள்ளையின் கை கால் துவண்டு கிடந்தது. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றும்போது டாக்டர் அவளைப் பார்த்துக் கத்தினார்.

“அரைமணி நேரம் வரிசையில சும்மா உக்காந்திருந்தேங்கிறாங்க. வந்ததும் ஏன் சொல்லல?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

“நான்தேன் வெவரமாச் சொல்லலய்யா.”

நான் பக்கத்திலேயே குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமலே வெள்ளிக்கிழமை கூடுகையில் நாலு பக்கத்தையும் வாசித்தேன். நாவை அடக்குவது பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. முடிந்ததும் ஆசீர்வாதமாக இருந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது பிள்ளைக்காகவா, அகப்பட்டுக்கொள்வேன் என்ற பயத்திலா என்று எனக்கே நிச்சயமில்லை.

பிள்ளை பிழைத்தது. ஈஸ்டர் கழிந்த வாரம் எடை பார்க்க அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, அன்றைக்கு டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீங்களும் வெளிறிப்போயி நின்னீகம்மா. ஒங்களை வேற எதுக்கு மாட்டிவிடணும்னுதேன்.”

“என் மேல கோவமே வரலையா?”

“வராமயா? அம்புட்டுக் கோவம் வந்துச்சு. புள்ளையப் பாக்கணும்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பிள்ளையை எடை மிஷினில் உட்கார வைத்தாள். எடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மன்னிச்சிரு தாயி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. நான் போய் இவளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் நன்றாக அடக்கிக்கொண்டேன்.