ஜெயனியின் முழங்காலும் சிசிலியின் நேர்த்தியும்

சிசிலிக்கு வாய் கொஞ்சம் நீளம். மொன்ட்ரியாலின் ஜான்-டலோன் சந்தையில் பத்து வருசமாகத் தக்காளி விற்கிறவள். எந்தப் பாசைக்காரன் வந்தாலும் பேரம் பேசி அனுப்புவாள். அந்த வாய் கடவுளிடம் போனாலும் சும்மா கிடக்காது. வில்லங்கம் வந்ததும் அதனால்தான்.

2006 ஒக்டோபரில் அவளுடைய ஒரே மகள் ஜெயனி உதைபந்தாட்டத்தில் முழங்காலை முறுக்கிக்கொண்டாள். பதினாறு வயது. ஒருவரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. ஓடிவந்தவள் சட்டென்று திரும்பினாள், அவ்வளவுதான். உள்ளே சவ்வு அறுந்துபோயிற்று. ஜனவரியில் சத்திரசிகிச்சை. பிள்ளையைக் கட்டிலோடு உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் சிசிலி பதறிப்போய் வாயை விட்டாள்.

"சூசையப்பரே, இந்தக் காலைச் சுகமாக்கித் தாரும். உம்மட கோயில் படி தொண்ணூற்றொன்பதையும் என்ர பிள்ளை முழங்காலாலயே ஏறி வருவாள்."

மொன்ட்ரியால் மலையோரத்துச் சூசையப்பர் கோயிலில் நடுவிலுள்ள மரப்படிகள் முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே விடப்பட்டவை. மன்னார்ச் சனம், யாழ்ப்பாணத்துச் சனம், ஏன், சைவசமயக்காரர்கூட அதில் ஏறுவார்கள். அதெல்லாம் சரி. அறுந்த முழங்காலுக்கு முழங்காலாலேயே நேர்த்திக்கடன் வைக்கிற தாயை எங்கே கண்டீர்கள்? மெழுகுதிரி ஒன்று கொளுத்துகிறேன் என்று சொல்லியிருந்தால் சூசையப்பர் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்!

யூலையில் ஜெயனி நொண்டாமல் நடந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "சனிக்கிழமை இறுதி ஆட்டம். நான் விளையாடப்போறன். கோச் கேட்டவர். கால் சரி அம்மா" என்றாள்.

கால் சரியென்றால் கடனை முதலில் தீர்க்க வேண்டாமா? கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பச் சிசிலிக்குப் பயம். வியாழக்கிழமை வேலைக்கு லீவு போட்டு, முழங்காலுக்கு அணையாக இரண்டு தலையணையை ஒரு பையில் திணித்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து பஸ்ஸில் மகளை இழுத்துக்கொண்டு போனாள். படியடியில் நின்று நேர்த்தியைச் சொன்னபோது ஜெயனிக்குக் கண் பிதுங்கியது.

"அம்மா, உங்களுக்கு விசரே? காலுக்குப் பயிற்சி தாற பிசியோ என்ன சொன்னவ? ஒன்பது மாசம் முடியுமட்டும் முழங்கால் குத்தக்கூடாது. இப்ப ஆறு மாசம்தான்!"

"நல்லாத்தானே நடக்கிறாய்?"

"நடக்கிறது வேற. உள்ளுக்கு வச்ச சவ்வு இன்னும் வடிவாப் பிடிக்கேல்ல. திரும்ப அறுந்தா, முப்பது வயசிலயே மூட்டு தேய்ஞ்சு நொண்டித் திரியவேணும். சூசையப்பர் பொறுப்பார்."

சிசிலி பையைக் கீழே வைத்தாள்.

"நில்லு பிள்ளை. படி ஏறக்கூடாத காலால பந்து அடிக்கலாமோ?"

"அது... அது வேற."

"என்னடி வேற? சூசையப்பர் பொறுப்பாரெண்டா உன்ர கோச்சுக்கு என்ன கேடு?"

பிள்ளைக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருசமாக இந்த ஆட்டத்துக்காகத்தான் ஓடினேன், நான் இல்லாவிட்டால் தோற்றுவிடுவார்கள் என்று விக்கினாள். ஒரேயொரு ஆட்டம்தானே, போய் ஆடு என்று சொல்லிவிடலாம்போல் சிசிலிக்கு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மகளை அணைத்தாள்.

"எனக்கும் நீ விளையாடப் பாக்க ஆசைதான் ராசாத்தி. ஒரு சனிக்கிழமை மட்டுமில்ல. நாப்பது வயசிலயும் நீ ஓடவேணும்."

ஜெயனி மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சனிக்கிழமை விளையாட வரமாட்டேன் என்று கோச்சுக்குப் பிரெஞ்சில் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட இல்லை. சிசிலி கோயிலைப் பார்த்து, ஒக்டோபர் கழிய பிசியோவைக் கேட்டுக்கொண்டு வாறம், கோவிக்காதையும் என்று சொல்லிவிட்டு மகளோடு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை இருவரும் மைதானத்தின் ஓரத்தில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயனியின் அணி இரண்டுக்குப் பூச்சியத்தில் தோற்றது. பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிசிலியும் முகத்தைத் துக்கமாகத்தான் வைத்துக்கொண்டாள். பாவம், மகளின் கால் தப்பிய சந்தோசம் உள்ளுக்குள் அவளுக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெயனி கண்ணைத் துடைத்துவிட்டு எழும்பி, தோற்ற தோழிகளைக் கட்டிப்பிடிக்க நொண்டாமல் நடந்து போனாள்.