அத்தை போட்ட கார்டு

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, அடி அண்ணாமலையில் எங்கள் தெருவே ஒரு டிவி தொடருக்காகச் சண்டை போட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் கதையைப் புதிதாக எடுத்திருந்தார்கள். படத்தில், கப்பல் வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமலிருந்த கணவன் பத்து வருஷம் கழித்து வருவான். மனைவி ஒன்றும் கேட்காமல் இலை போடுவாள். தொடரிலோ அவள் தையல் கடை வைத்து நன்றாகவே இருந்தாள். முடிவை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கேபிள் எங்கள் வீட்டில்தான் இருந்தது என்பதால் தீர்ப்பும் எங்கள் கூடத்திலேயே சொல்லப்பட்டது.

"இத்தினி வருஷம் கழிச்சு வந்தா ஆரத்தியா எடுப்பாங்க? மூஞ்சியில கதவ சாத்தணும்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். அத்தை மட்டும் தலையாட்டவில்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போன மாமா திரும்பாமல் போனதிலிருந்து, அப்பாவின் தங்கையான அவள் எங்களோடுதான் இருந்தாள். அந்தப் பழைய படத்தைக் கல்யாணமான புதிதில் மாமாவோடு திருவண்ணாமலைக்குப் போய்ப் பார்த்திருந்தாள்.

தொடரைப் பற்றி வரும் நேயர் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வாசிப்பார்கள். ஒருநாள் அத்தை ஒரு அஞ்சலட்டையோடு என்னிடம் வந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். எனக்கோ கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய திமிர்.

"பழைய படத்துல மாதிரியே அவரு வரணும், அவ சோறு போடணும்னு எழுதும்மா. எம் பேரு, நம்ம ஊரு பேரு ரெண்டும் பெருசா எழுது."

எனக்கு அத்தை என்றால் உயிர். தெரு முன்னால் அவள் அசடாகிவிடக் கூடாதே என்று, 'அவன் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது. அவன் இல்லாமலே அவள் நன்றாக இருக்கிறாள்' என்று எழுதினேன். அத்தை தன் பெயரையும் ஊரையும் மட்டும் விரல் வைத்துப் படித்துவிட்டு, தானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

மூன்றாவது ஞாயிறு அதை வாசித்தார்கள். அத்தையின் பெயர், ஊர், என் இரண்டு வரிகள், எல்லாம் கணீரென்று கேட்டன. கூடத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மாவுக்கு ஒரே பெருமை. அத்தை என்னைத் திட்டவில்லை.

"இது பெங்களூர்லயும் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லா ஊர்லயும் தெரியும், அத்தை" என்றேன் குதூகலமாக. அவள் எழுந்து உலை வைக்கப் போனாள்.

மாமா வரவேயில்லை. அந்தக் கார்டை அவருக்காகத்தான் எழுதச் சொன்னாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. யார் வீட்டு டிவி முன்னாலோ உட்கார்ந்து, மனைவியின் பெயரையும் ஊரையும் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால், அடுத்து அவர் காதில் விழுந்திருப்பது நான் எழுதியதுதான்.