ரோபோவுக்கு வாய் வெட்டுவதா

பெட்டியில் கண்களுக்கான இரண்டு ஓட்டைகளையும் வெட்டி முடித்துவிட்டேன். வாய் வெட்டுவதா விடுவதா என்று தெரியாமல்தான் கத்தியும் கையுமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் தமிழில் ஓயாமல் கதைப்பாள். ஜேர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த கிண்டர்கார்டனில் மட்டும், சேர்ந்து ஒரு வருடமாகியும், ஒரு சொல் பேசியதில்லை. ஜேர்மன் விளங்காமல் இல்லை. சப்பாத்தைப் போடு என்றால் போடுவாள், வரிசையில் நில் என்றால் நிற்பாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடம். அதற்கு முன் ஒரு மருத்துவர் பிள்ளையைக் கதைக்கவைத்துப் பார்ப்பார் என்றும், இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்தைத் தள்ளிப்போடச் சொல்லக்கூடும் என்றும் ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கதைப்பதற்குச் சந்தர்ப்பங்களை உண்டாக்குங்கள். ஆனால் வற்புறுத்தாதீர்கள்" என்றார். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று நான் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்கும் ஹலோவீன் மாலையில் பிள்ளைகளைத் தெருவுக்குள் கூட்டிப்போகப்போவதாக ஒரு தாய் பெற்றோர் குழுவில் எழுதியிருந்தார். முதல் ஆளாக வருகிறோம் என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் யோசித்தேன். என்ன வேடம் வேண்டும் என்று மகளிடம் கேட்டபோது, யோசிக்காமலே "ரோபோ" என்றாள்.

"ஏன் குஞ்சு, ரோபோ?"

"ரோபோ கதைக்கத் தேவையில்லைத்தானே."

நான் செய்யப்போவது கதைப்பதற்கான சந்தர்ப்பமா, ஒளிந்துகொள்வதற்கான பெட்டியா? ஆனால் மற்றப் பிள்ளைகளோடு போகவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதும் அதுதான் முதல் தடவை.

உடம்புக்குக் கணவரின் பிரிண்டர் வந்த பெட்டி. தலைக்கு ரைஸ் குக்கர் வந்த பெட்டி. கைகளுக்குத் துணி உலர்த்தும் மெஷினின் பழைய காற்றுக் குழாய். பால் போத்தல் மூடிகள் பொத்தான்களாயின. அலுமினியத் தாளின் மினுங்கும் பக்கம் வெளியே வரவேண்டுமா உள்ளே போகவேண்டுமா என்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றியபின் சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் உரித்துத் திரும்ப ஒட்டினேன். முன்பு இருந்ததுதான் நன்றாக இருந்தது.

கணவர் வேலையால் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"என்னப்பா, ரொக்கெட் விடப்போறீரோ?"

"பகிடி விடாதேங்கோ. வாய் வெட்டவோ, வேண்டாமோ?"

"வெட்டும். பிள்ளை மூச்சு விட வேண்டாமோ?"

வெட்டினேன். அறையிலிருந்து வந்த மகள் அதைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். ரோபோவுக்கு வாய் இல்லையாம். அலுமினியத் தாளால் மூடி ஒட்டினேன். பிறகு மூச்சு முட்டுமோ என்று பயந்து கிழித்தேன். கடைசியில், இடியப்பத் தட்டு ஒன்றை எடுத்து அந்த ஓட்டைக்கு மேல் பசை போட்டு ஒட்டினேன். காற்றுப் போகும், சத்தம் வரும், வாய் தெரியாது. மகள் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்பது என்பது எனக்குப் பிடிபடவேயில்லை. எங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

"முன்னப்பின்னத் தெரியாத ஆக்களிட்ட வெறுங்கையோட போய் நிக்கிறதோ?" என்றேன்.

இங்கேயே வளர்ந்த கணவர் சிரித்தார். "பிள்ளையள் வாங்கத்தான் போகினம். நீர் என்ன, சம்பந்தம் பேசவோ விடுறீர்? ஒரு தட்டத்தில பழமும் வெத்திலையும் வைச்சு விடுமன்."

தட்டம் வைக்கவில்லை. ஆனால் ரோபோவின் வயிற்றில் ஒரு சதுரம் வெட்டி, தேயிலைப் பெட்டி ஒன்றை இழுத்துத் திறக்கும் லாச்சியாகச் செருகினேன். பயத்தம் உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் சுற்றி அதற்குள் அடுக்கினேன். கச்சான் கடலை போடவில்லை, யாருக்காவது ஒவ்வாமல் போகலாம். முன்பின் தெரியாத ஒருத்தி கையால் பிடித்த பலகாரத்தை அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிடுவார்களா என்று எனக்குத் தோன்றியது மகளைப் பெட்டிக்குள் இறக்கிய பிறகுதான்.

ஒரு சூனியக்காரி, ஒரு எலும்புக்கூடு, இரண்டு பூனைகள், எங்கள் ரோபோ என்று ஐந்து பிள்ளைகள். குழுவில் எழுதியிருந்த தாயும் நானும் தெருவோரப் படலையடியில் நின்றோம். முதல் வீட்டில் ஒரு வயதானவர் கதவைத் திறந்தார். இனிப்புத் தா, தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற பொருளில் பிள்ளைகள் ஜேர்மனில் கத்தினார்கள். பைகளை நீட்டினார்கள். மகளிடம் பை இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன். கொடுக்க எல்லாம் செய்த நான் வாங்க ஒன்றும் கொடுத்துவிடவில்லை. அவள் லாச்சியை இழுத்தாள்.

"எனக்கா?" என்று அவர் இரண்டு உருண்டைகளை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சூனியக்காரி மகளைப் பார்த்து, "நீ கொடுக்கக் கூடாது. வாங்கவேண்டும்" என்றாள். ரோபோ பதில் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பெண் தன் கணவருக்கும் சேர்த்து எடுத்தார்.

"இது உங்கள் ஊர் வழக்கமா?" என்று பக்கத்தில் நின்ற தாய் கேட்டார். ஆம் என்றேன். பிறகு இல்லை என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மூன்றாவது வீட்டுப் பெண் உருண்டையை அங்கேயே பிரித்து வாயில் போட்டார். "இதில் மிளகு இருக்கிறதா?" என்று ரோபோவைக் கேட்டார். ரோபோ அசையவில்லை. அவர் எல்லாப் பைகளிலும் சொக்லேட் போட்டார். ரோபோவின் பையைத் தேடினார், காணவில்லை, சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தப்போனார்.

"நில்லுங்கள்."

இடியப்பத் தட்டுக்குள்ளிருந்து, ஜேர்மனில்.

"நீங்கள் என்னுடையதைச் சாப்பிட்டீர்கள். இப்போது நீங்களும் எனக்குத் தரவேண்டும்."

அப்படியே கிண்டர்கார்டன் ஆசிரியையின் ஏற்ற இறக்கம். ஒரு பிழை இல்லை. எனக்கு முகம் சுட்டது. பெரிய ஆளிடம், அதுவும் வீட்டு வாசலில் நின்று, சாப்பிட்டதைச் சொல்லிக்காட்டிக் கேட்கிறாள். நான் வளர்த்த பிள்ளை. நான் ஒரு வருடமாகக் காத்திருந்த ஜேர்மன்.

"ரோபோ கதைக்கிறது" என்றாள் சூனியக்காரி.

அந்தப் பெண் சத்தமாகச் சிரித்து, இரண்டு கையாலும் சொக்லேட்டை அள்ளி லாச்சிக்குள் போட்டார். மகள் அதை வயிற்றுக்குள் தள்ளி மூடினாள். நன்றி சொல்லவில்லை.

ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலவும் இருந்தது, பெட்டியோடு பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. ஒரு வருடமாகக் கதை, கதை என்று கெஞ்சியிருக்கிறேன். இப்போது அப்படிக் கதைக்கக்கூடாது என்றால் திரும்ப மூடிக்கொள்வாளா? சொல்லாமல் விட்டால் அடுத்த வீட்டிலும் இதையே கேட்பாளே. பெட்டிக்குள் இருந்து பேசியதை ஆசிரியை கணக்கில் எடுப்பாரா?

பக்கத்தில் நின்ற தாய் என் முகத்தைப் பார்த்து, "எல்லாம் சரியா?" என்றார். ஆம் என்றேன்.

அடுத்த வீட்டு மணியை மகள்தான் அழுத்தினாள். தயவுசெய்து என்பதற்கான ஜேர்மன் சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வாய் திறந்தேன். கதவு திறந்தது. அவள் எனக்கு முன் பேசத் தொடங்கிவிட்டாள்.