கௌதள்ளியில் எங்களுக்கு இருந்த மனை

1997 ஆகஸ்ட் முதல் வாரத்தில் எங்கள் பச்சைக் கார்டை ரத்து செய்தார்கள். மைசூரில் அந்தக் கார்டு இருந்தால்தான் ஏழைகளுக்கான மலிவு அரிசி கிடைக்கும். நான் ஒரு தனியார் பள்ளியில் அட்டெண்டர். நூலக அலமாரிகளைத் துடைப்பது வேலை, துடைத்த புத்தகங்களைப் படிப்பது வழக்கம். என் மனைவி எஸ்தர் வீட்டிலிருந்தே ஊதுபத்தி உருட்டுவாள். இருவர் சம்பளத்தைச் சேர்த்தாலும் வாடகைக்கும் மூன்று பிள்ளைகளின் வயிற்றுக்கும் எட்டாது. எட்ட வைத்தது அந்த அரிசிதான்.

ஏழ்மையைக் குறைப்பது கஷ்டம். ஏழைகளின் பட்டியலைக் குறைப்பது சுலபம். அதற்காக ஜூலையில் ஓர் ஆய்வாளர் வீடு வீடாக வந்தார். நான் பள்ளியில் இருந்தேன். எங்கள் மின்விசிறியை எழுதிக்கொண்டாராம், அது சுற்றுகிறதா என்று கேட்கவில்லையாம். கணவன் மனைவி இருவரும் உழைக்கிறார்கள் என்றதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சியாம். சும்மா உட்கார்ந்திருந்தால் கார்டு தப்பித்திருக்கும் போலிருக்கிறது.

பள்ளியில் அனுமதி கேட்டு மூன்று முறை ரேஷன் கார்டு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா தலை நிமிராமல் சொன்னார்.

"ஸ்வந்த மனே இட்டுக்கிட்டு பச்சைக் கார்டு பேக்கா நிமகெ? நானும் உங்க மாதிரி ஏழை ஆகணுமப்பா!"

சொந்த வீடு வைத்துக்கொண்டு பச்சைக் கார்டு கேட்கிறேனாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஏது சொந்த வீடு? ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன் என்று கத்தினேன். "ரிப்போர்ட்ல இதெ", அதாவது இருக்கிறது, என்று ஃபைலை மூடினார். அந்த ஃபைலுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

யாரோ பொய் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் சபையில் வசதியுள்ள யோவேல் அண்ணன், ஆய்வாளர் வந்த அன்று எங்கள் வாசலில் நின்றாராம். அவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். "தம்பி, அப்பப்ப உபவாசம் இருக்கிறது ஆத்துமாவுக்கு நல்லது" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர் அவர். மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு உபவாசம் ஆசீர்வாதம்தான்.

மாதக் கடைசியில் எஸ்தர் சொன்னாள். "என்னங்க, திங்கக்கிழமையிலிருந்து ரூத்தைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம். அவளும் உருட்டுனா நாலு கட்டு கூட வரும்."

ரூத் எங்கள் மூத்தவள், ஏழாம் வகுப்பு. அவள் அழவில்லை. பத்தி மாவைப் பிசைய உட்கார்ந்துவிட்டாள். அழுதது நான்.

அந்த நாட்களில் நான் ஜெபித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. குமாஸ்தாவின் நாற்காலிக் கால் உடைய வேண்டும் என்று கேட்டேன். ஜெபம் என்ற பெயரில் கர்த்தருக்குத் தேதி போட்ட புகார் மனுக்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். நர்ஸ் வேலை பார்க்கும் கமலா சகோதரியும் வந்திருந்தார். கன்னடக்காரர், பாட்டுக்காகத் தமிழ்க் கூட்டத்துக்கு வருகிறவர். எஸ்தர் முழங்காலிட்டு வாய்விட்டு ஜெபித்தாள்.

"ஆண்டவரே, கௌதள்ளியில இருக்கிற அந்த மனையில ஒரு குடிசையாவது போட்டுப் பொழைச்சுக்கிறோம், எம்புள்ள படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க."

ஆமென் சொன்னதும் கமலா சகோதரி மெதுவாகக் கேட்டார். "எஸ்தரம்மா, அல்லி மனே இதெயல்லா? மத்தே குடிசை ஏக்கே?"

அங்கேதான் வீடு இருக்கிறதே, பிறகு குடிசை எதற்கு?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஸ்தர் திண்டுக்கல்லில் பிறந்தவள். அவளுக்கு மனை என்றால் வெற்று நிலம், என் அப்பா விட்டுப்போன முள் முளைத்த துண்டு. கன்னடக்காரருக்கு மனே என்றால் வீடு.

"எஸ்தர், அந்த ஆய்வாளர் என்ன கேட்டார்?"

"ஸ்வந்த மனே இருக்கான்னாரு. ஊர்ல ஒண்ணு இருக்குதுன்னேன். பொய்யா சொல்ல முடியும்?"

பொய் சொன்னவர் யாருமில்லை. எஸ்தர் சொன்ன உண்மையே எங்கள் அரிசியைப் பறித்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கௌதள்ளிக்குப் போனேன். கிராமக் கணக்கர் என்னோடு வந்து பார்த்தார். "இதுல ஆடு கூட படுக்காதுங்களே!" என்று சிரித்து, வீடில்லாத காலி நிலம் என்று கன்னடத்தில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். கார்டு திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில் திங்கட்கிழமை ரூத்தைப் பள்ளிக்கே அனுப்பினோம். நான் அலுவலகத்துக்குப் போனேன்.

"ஓ, காலி ஜாகாவா? முதல்லயே ஹேளக்கூடாதா?" என்றார் குமாஸ்தா. மன்னிப்பு என்ற சொல் இரண்டு மொழியிலும் அவருக்குத் தெரியவில்லை.

கார்டு அக்டோபரில் திரும்பக் கிடைத்தது. அதுவரை எங்களுக்கு அரை வயிறுதான். ஆனால் ரூத் ஒரு நாளும் பள்ளியை விடவில்லை. என் பிள்ளையை எனக்குக் காத்துத் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! யோவேல் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உபவாசத்தைப் பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் கார்டு இழந்த மற்றவர்களுக்கு எந்தச் சொல்லும் பொருள் மாறிப் போகவில்லை. உழைத்த குற்றத்துக்காகவே இழந்தார்கள். இப்போது அவர்களின் மனுக்களை நான் எழுதுகிறேன், கூடவே போய் நிற்கிறேன். அந்த அலுவலகத்தை மதிக்கச் சொல்லி கர்த்தர் இதுவரை என்னிடம் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் அடுப்பும் அணைந்திருக்கலாம். அவமானம் என்று வாயை மூடிக்கொண்டு ஜெபிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி கேளுங்கள். எஸ்தர் கேட்டது பரலோகத்துக்குப் போகும் வழியில் ஒரு கன்னடக்காரியின் காதில் விழுந்தது. பதில் அங்கிருந்துதான் வந்தது.